ஓட்டைச் சொல்லலாம், காட்டக் கூடாது

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய படிப்பு வட்டத்தில் பேசியது)



சென்ற கூட்டம் கலையும் நேரத்தில் இரண்டு கேள்விகள் வந்தன. ஸ்பின்னிங் பகுதித் தோழர் ஒருவர் கேட்டார்: "அமெரிக்காவிலே கட்சியின் அபேட்சகரைத் தலைவர்கள் நியமிப்பதில்லையாம், ஜனங்களே ஓட்டுப் போட்டுப் பொறுக்கி எடுக்கிறார்களாம். நிஜமா?" நடவு வேலை செய்யும் அம்மா ஒருவர் கேட்டது இன்னொன்று: "அங்கே யாருக்கு ஓட்டு என்று பத்துப் பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்கிறார்களாமே, பண்ணைக்காரன் சும்மா விடுவானா?"

இரண்டும் நல்ல கேள்விகள்தான். ஆனால் இரண்டாவது கேள்விதான் விஷயத்தின் மர்மத்தைத் தொடுகிறது. ஆகவே முதல் கேள்விக்குச் சுருக்கமாகவும், அந்த அம்மாவின் கேள்விக்கு விரிவாகவும் பதில் சொல்லப் போகிறோம்.

அமெரிக்காவில் நாடறிந்த பெரிய கட்சிகள் இரண்டு. ஒன்று டெமாக்ரடிக் கட்சி, மற்றது ரிபப்ளிகன் கட்சி. இரண்டையும் பணமூட்டைகள் நடத்துகின்றன என்பதை நாங்கள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நவம்பரில் நடப்பது பொதுத் தேர்தல். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், ஒவ்வொரு கட்சியும் தன் சார்பில் யாரை நிறுத்துவது என்று தீர்மானிக்க ஒரு தேர்தல் நடக்கிறது. இதைத்தான் பிரைமரி என்கிறார்கள். பூர்வாங்கத் தேர்தல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். நம் ஊரில் சந்தா கட்டிக் கட்சி உறுப்பினர் ஆவதுபோல் அங்கே எதுவும் இல்லை. பல ராஜ்யங்களில் ஓட்டர் பட்டியலில் பெயர் பதியும்போது இன்ன கட்சி என்று எழுதிவிட்டால் அந்தக் கட்சியின் பூர்வாங்கத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். சில ராஜ்யங்களில் அதுவும் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் வந்து போடலாம்.

ஆரம்பத்திலிருந்தே இப்படி இருந்ததா? இல்லை. கட்சி மகாநாடு கூடும். ஊர் ஊருக்கு உள்ள தாதாக்கள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, சுருட்டுப் புகை நடுவே, பேரம் பேசி ஒரு பெயரை வெளியே அறிவிப்பார்கள். விஸ்கான்ஸின் ராஜ்யத்தில் லா ஃபாலெட் என்ற கவர்னர் இந்தத் தாதாக்களோடு மல்லுக்கட்டி, ஜனங்களே நேராகத் தேர்ந்தெடுக்கும் சட்டத்தை 1900-க்குப் பிந்திய சில வருஷங்களில் கொண்டுவந்தார். மற்ற ராஜ்யங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. ஆனாலும் ஜனாதிபதி அபேட்சகர் விஷயத்தில் தாதாக்கள் பிடியை லேசில் விடவில்லை. 1968-ல் வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து நாடே கொதித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பூர்வாங்கத் தேர்தலில்கூடப் போட்டியிடாத ஹம்ப்ரி என்பவரைச் சிகாகோ மகாநாட்டில் அபேட்சகர் ஆக்கினார்கள். வெளியே தெருவில் வாலிபர்களைப் போலீஸ் தடியால் விளாசிக்கொண்டிருந்தது. அந்த அவமானத்திற்குப் பிறகுதான் விதிகளை மாற்றினார்கள். 1972 முதல் பெரும்பாலான பிரதிநிதிகளை ஜனங்களின் ஓட்டே தீர்மானித்து வருகிறது.

ஸ்பின்னிங் தோழருக்கு இவ்வளவு போதும். நிஜம்தான், ஆனால் சும்மா கிடைக்கவில்லை. கிடைத்ததும் முழுசாக இல்லை. எவ்வளவு குறை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். பண்ணைக்காரன் சும்மா விடுவானா?

விடவில்லை, அம்மா. அமெரிக்காவின் தெற்கு ராஜ்யங்களில் பருத்திக் காடுகள் இருக்கின்றன. அங்கே கறுப்பின மக்கள் பண்ணையாட்களாகவும் வாரக் குடிகளாகவும் உழைத்தார்கள். அந்த ராஜ்யங்களில் வெகுகாலம் டெமாக்ரடிக் கட்சிதான் எப்போதும் ஜெயிக்கும். ஆகவே அந்தக் கட்சியின் பூர்வாங்கத் தேர்தலில் ஜெயித்தவன் பதவிக்கு வந்தவன் மாதிரியே. நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு. அப்படியானால் கறுப்பு மனிதனின் ஓட்டைப் பறிக்க என்ன வழி? பூர்வாங்கத் தேர்தலில் அவனை நுழையவிடாமல் செய்துவிட்டால் தீர்ந்தது! டெக்ஸாஸ் ராஜ்யம் 1923-ல் அப்படியே சட்டம் போட்டது. கோர்ட்டில் அடிபட்டதும், "இது கட்சி என்ற தனியார் சங்கத்தின் உள்விவகாரம்" என்று வேஷத்தை மாற்றிக்கொண்டது. ஹூஸ்டன் நகரத்துப் பல் வைத்தியர் ஸ்மித் என்பவர் தொடுத்த வழக்கில்தான் 1944-ல் சுப்ரீம் கோர்ட் இந்த வெள்ளையர் பிரைமரியை ஒழித்தது.

சட்டம் ஒழிந்தது, பண்ணைக்காரன் ஒழிந்தானா? மிஸிஸிப்பி ராஜ்யத்தில் ரூல்வில் என்ற ஊர்ப் பக்கத்துப் பண்ணையில் ஃபானி லூ ஹேமர் என்ற அம்மாள் இருந்தார். தாய் தந்தையருக்கு இருபதாவது குழந்தை. ஆறு வயதில் பருத்தி பொறுக்கத் தொடங்கினார். ஒரே பண்ணையில் பதினெட்டு வருஷம் உழைத்தார். 1962 ஆகஸ்டில், நாற்பத்து நான்கு வயதில், வேறு பதினேழு பேரோடு பஸ் ஏறி, ஓட்டர் பட்டியலில் பெயர் பதியப் போனார். கவனியுங்கள்: யாருக்கும் ஓட்டுப் போடவில்லை, யாருக்குப் போடுவேன் என்றும் சொல்லவில்லை. பதியத்தான் போனார். வீடு திரும்புவதற்குள் பண்ணைக்காரருக்குச் சேதி போய்விட்டது. "மனுவை வாபஸ் வாங்கு, இல்லையென்றால் பண்ணையை விட்டுப் போ" என்றார் அவர். உங்களுக்காகப் பதியப் போகவில்லை, எனக்காகத்தான் போனேன் என்று பதில் சொல்லிவிட்டு அன்றிரவே வெளியேறினார் அந்த அம்மாள். மறு வருஷம் போலீஸ் லாக்கப்பில் அடித்த அடியில் அவர் உடம்பு ஆயுள் முழுக்கத் தேறவில்லை.

இந்த இடத்தில் ஒரு சுவையான காரியம் நடந்தது. 1963 நவம்பரில், ஓட்டுரிமை மறுக்கப்பட்ட அந்த ராஜ்யத்துக் கறுப்பின மக்கள் தாங்களே ஒரு தேர்தல் நடத்தினார்கள். சர்க்கார் ஒப்புக்கொள்ளாத தேர்தல். சர்ச்சுகளிலும் கடைகளிலும் பெண்கள் தலைவாரும் நிலையங்களிலும் பெட்டி வைத்து ஓட்டு வாங்கினார்கள். ஏறத்தாழ 80,000 பேர் போட்டார்கள். "இவர்களுக்கு ஓட்டில் அக்கறை கிடையாது" என்று சொல்லி வந்தவர்களின் வாய் அடைத்தது. தனித்தனியாகப் பதியப் போனால் வேலை போகும், அடி விழும். 80,000 பேர் ஒரே சமயத்தில் சொன்னால் எந்தப் பண்ணைக்காரன் எத்தனை பேரை விரட்டுவான்?

அடுத்த ஆண்டு, 1964-ல், இவர்கள் தங்களுக்கென்று ஒரு கட்சி கட்டி, அட்லாண்டிக் ஸிட்டியில் கூடிய டெமாக்ரடிக் கட்சி மகாநாட்டுக்கு 68 பிரதிநிதிகளை அனுப்பினார்கள். வெள்ளையரை மட்டும் வைத்துப் பொறுக்கிய கோஷ்டியை ஏற்காதே, எங்களை ஏற்றுக்கொள் என்பது கோரிக்கை. ஹேமர் அம்மாள் தன் கதையைச் சொல்ல, டெலிவிஷன் அதை நாடு முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தது. ஜனாதிபதி ஜான்ஸன் அவசரம் அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டி, காமிராவைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்! கடைசியில் என்ன கொடுத்தார்கள்? இரண்டு ஸ்தானம். அந்த இரண்டு பேர் யார் என்பதையும் மேலிடமே குறித்துக் கொடுத்தது. பிரதிநிதிகள் அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஊர் திரும்பினார்கள். 1968 மகாநாட்டில் ஹேமர் அம்மாள் முறைப்படி பிரதிநிதியாகவே போய் உட்கார்ந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

ரகசிய ஓட்டு எங்கிருந்து வந்தது என்பதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்வது நல்லது. நமது மில் தோழர்கள் அவசியம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய சரித்திரம் இது. இங்கிலாந்தில் 1838-ல் சாசன இயக்கத்துத் தொழிலாளிகள் வைத்த ஆறு கோரிக்கைகளில் ரகசிய ஓட்டும் ஒன்று. அதற்காகக் கூடியவர்களில் லங்காஷயர் நெசவாளிகளும் நூற்பு மில் தொழிலாளிகளும் ஏராளம். அந்நாளில் ஓட்டுப் போடுகிறவன் மேடை ஏறி, ஊரறிய வாயால் பெயரைச் சொல்ல வேண்டும். நிலப்பிரபுவின் காரியஸ்தன் கீழே நோட்டுப் புத்தகத்தோடு நிற்பான். ஆஸ்திரேலியாவில் 1856-ல் ரகசிய ஓட்டு வந்துவிட்டது. இங்கிலாந்தில் 1872 வரை இழுத்தடித்தார்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு கட்சியும் தன் சீட்டைத் தானே அச்சடித்துக் கொடுக்கும். ஒரு கட்சிச் சீட்டு ஒரு நிறம், மற்றது வேறு நிறம். தொழிலாளி பெட்டியை நோக்கி நடக்கும்போதே, கையிலிருக்கும் நிறத்தைப் பார்த்து மேஸ்திரி தெரிந்துகொள்வான். 1888-ல் மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யம் சர்க்கார் அச்சடித்த ஒரே மாதிரிச் சீட்டைக் கொண்டுவந்தது. பத்து வருஷத்திற்குள் பெரும்பாலான ராஜ்யங்கள் அதை ஏற்றன.

ஒரு நல்ல ஆயுதம் தவறான கையில் என்ன ஆகும் என்பதற்கும் இதுவே உதாரணம். தெற்கு ராஜ்யங்களில் இந்தப் புதுச் சீட்டை எழுத்தறியாதவனை விரட்டும் தடியாக உபயோகித்தார்கள். கலர்ச் சீட்டு என்றால் படிக்கத் தெரியாதவன் நிறத்தைப் பார்த்துப் போட்டுவிடுவான். பெயர்கள் மட்டும் அச்சடித்த சீட்டை வாசிக்க வேண்டுமே! உதவிக்கு யாரையும் அழைக்கவும் கூடாது. அடிமை வாழ்விலிருந்து வந்து, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மக்களிடம் இந்த வேலை.

சரி, ரகசிய ஓட்டு வந்த பிறகும் அமெரிக்காவில் வாய்விட்டுச் சொல்லும் முறை ஏன் இருந்தது? அதுதான் காக்கஸ் என்னும் ஓட்டாளர் கூட்டம். சில ராஜ்யங்களில் பெட்டிக்குப் பதிலாக இதுவே பூர்வாங்கத் தேர்தலாக இருந்தது. ஐயோவா ராஜ்யத்து டெமாக்ரடிக் கட்சிக் கூட்டம் பெயர் பெற்றது. பனிக்காலத்தில், இரவு ஏழு மணிக்கு, பள்ளிக்கூடத்திலோ சர்ச்சிலோ அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். ஒரு மூலையில் ஓர் அபேட்சகரின் ஆட்கள், அடுத்த மூலையில் இன்னொருவரின் ஆட்கள் என்று பிரிந்து நிற்பார்கள். தலை எண்ணுவார்கள். பொதுவாக நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலை கலைந்து, வேறு மூலைக்குப் போக வேண்டும். அப்போதுதான் வேடிக்கை! "அண்ணே, இங்கே வாருங்கள்", "தங்கச்சி, அவன் சம்பளத்தைப் பற்றி என்ன சொன்னான் தெரியுமா?" என்கிற மாதிரி ஆளுக்கு ஆள் இழுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், கடைக்காரர் எல்லாரும் யார் எங்கே நிற்கிறார் என்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதில் என்ன கெடுதல் என்பது உங்களுக்கே விளங்கும். இரவு ஷிப்டுக்காரன் வர முடியாது. கைக்குழந்தைக்காரி வர முடியாது. கடன் கொடுத்தவன் எதிர் மூலையில் நின்றால், கடன் வாங்கியவன் எங்கே நிற்பான்? 2020-ல் இந்தக் குறையைக் கொஞ்சம் தீர்க்க, வேலை நேரத்துக்கு ஏற்ற தனிக் கூட்டங்களை ஐயோவாவில் அனுமதித்தார்கள். ஆட்டம்வா என்ற ஊரில் பன்றி இறைச்சி பாக்டரி இருக்கிறது. அங்கே மாலை ஷிப்டில் வேலை செய்த தொழிலாளிகள் - பெரும்பாலோர் எத்தியோப்பியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் - தங்கள் சங்கக் கட்டிடத்தில் நடுப்பகலில் கூடினார்கள். வந்தவர்கள் 15 பேர். அதில் 14 பேர் பெர்னி சாண்டர்ஸ் பக்கம் நின்றார்கள். சின்ன எண்ணிக்கைதான். ஆனால் எங்கே நின்றார்கள் பாருங்கள்: மேஸ்திரியின் கண்ணுக்கு எதிரே இல்லை, தங்கள் சங்கக் கூரையின் கீழே.

அந்த சாண்டர்ஸ் யார் என்று இரண்டு வார்த்தை. வெர்மான்ட் ராஜ்யத்து செனட்டர். தன்னை ஜனநாயக சோஷலிஸ்டு என்று சொல்லிக்கொள்கிறவர். அமெரிக்காவில் நம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி மாதிரியோ சர்க்கார் பெரியாஸ்பத்திரி மாதிரியோ உழைப்பாளி எல்லாருக்கும் பொதுவான ஏற்பாடு கிடையாது. வேலை கொடுக்கும் முதலாளி மூலமாக இன்ஷூரன்ஸ் இருந்தால் வைத்தியம். வேலை போனால் அதுவும் போகும். இதை மாற்றி, நாட்டில் உள்ள அத்தனை பேருக்கும் சர்க்காரே வைத்திய இன்ஷூரன்ஸ் கொடுக்க வேண்டும், தனியார் இன்ஷூரன்ஸ் வியாபாரத்துக்கு அங்கே இடம் இருக்கக் கூடாது என்பது அவர் பேசி வந்த கொள்கை.

இனி லாஸ் வேகாஸுக்குப் போவோம். இன்றைக்கு நாம் மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டியது அந்த ஊர்க் கதைதான்.

நெவாடா ராஜ்யத்தில் பாலைவனத்தின் நடுவே சூதாட்ட விடுதிகளால் பிழைக்கும் நகரம் அது. அறை பெருக்கிப் படுக்கை விரிக்கும் பெண்கள், சமையல்காரர்கள், பரிமாறுகிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள் சேர்ந்த சமையல் தொழிலாளர் சங்கம், 226-வது கிளை, அங்கே இருக்கிறது. 2020-ல் ஏறத்தாழ 60,000 உறுப்பினர்கள். பாதிக்கு மேல் பெண்கள். பாதிக்கு மேல் ஸ்பானிஷ் பேசும் நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள். லேசான சங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபிரான்டியர் என்ற விடுதியில் 1991 செப்டம்பரில் 550 தொழிலாளிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஆறு வருஷம், நான்கு மாதம், பத்து நாள் மறியல் நடந்தது. ஒருவர்கூட மறியலைத் தாண்டி வேலைக்குப் போகவில்லை. முதலாளி விடுதியையே விற்றுவிட்டுப் போனார். 1998-ல் தொழிலாளிகள் ஜெயித்து உள்ளே போனார்கள். இப்படிப் போராடிப் பெற்றதில் தலையானது சங்கத்தின் வைத்திய நிதி. சம்பள உயர்வை விட்டுக்கொடுத்துக்கூட அதைக் காப்பாற்றி வந்தார்கள். தொழிலாளியும் குடும்பமுமாக 1,30,000 பேருக்கு அது நிழல் கொடுத்தது.

2020 பிப்ரவரியில் ஓட்டாளர் கூட்டம் வருகிறது. சங்கத் தலைமை ஒரு துண்டுப் பிரசுரம் விட்டது: சாண்டர்ஸ் வந்தால் நம் வைத்திய நிதி போய்விடும் என்று. தலைமையைத் துரோகி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட நாங்கள் தயாராக இல்லை. ரத்தம் சிந்திப் பெற்ற ஒன்றை, நாளை வரும் என்கிற ஒன்றை நம்பிக் கைவிடுவதா என்ற கேள்வி நியாயமான கேள்வி. நம் சங்கத்தில் வந்திருந்தால் நாமும் இரவு முழுக்க விவாதித்திருப்போம். அந்தச் சமயத்தில் சாண்டர்ஸின் ஆதரவாளர் என்று சொல்லிக்கொண்ட சிலர் சங்கத் தலைவிகளுக்குக் கேவலமான வசைகளை அனுப்பினார்கள். அது மன்னிக்க முடியாத காரியம். சாண்டர்ஸே அதைக் கண்டித்தார். கடைசியில் சங்கம் யாரையும் ஆதரிக்கவில்லை என்று அறிவித்தது. ஆனாலும் தலைமையின் மனம் எங்கே இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது.

பிப்ரவரி 22, சனிக்கிழமை. விடுதித் தொழிலாளிகள் வேலைக்கு இடையே வந்து போக வசதியாக, பெரிய சூதாட்ட விடுதிகளுக்குள்ளேயே கூட்டங்கள் நடந்தன. பகட்டான விளக்குத் தொங்கும் கூடத்தில், சீருடையோடு, கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து நின்றார்கள். ரகசியம் எதுவும் இல்லை. பக்கத்தில் நிற்பவர் தன்னோடு படுக்கை விரிக்கும் தோழி. எதிரில் சங்கத்து ஆள். எந்த மூலைக்கு நடக்கிறார் என்பதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த விடுதிக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றில் சாண்டர்ஸ் பக்கத்து மூலைதான் நிரம்பியது! ராஜ்யம் முழுவதிலும் அவர் நூற்றுக்கு ஏறத்தாழ 47 எடுத்தார். அடுத்து வந்த ஜோ பைடனுக்குக் கிடைத்தது 20. ஏன் அந்த மூலைக்குப் போனீர்கள் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது பல தொழிலாளிகள் சொன்ன காரணம் ஏறக்குறைய ஒன்றுதான்: சங்கத்தால் எனக்கு வைத்தியம் இருக்கிறது, என் சொந்தக்காரருக்கு இல்லை, சங்கம் இல்லாத இடத்தில் வேலை செய்கிறவருக்கு இல்லை. அவர்களுக்கும் வேண்டும்.

தோழர்களே, இதைச் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். வைத்திய நிதியின் பலனை அனுபவித்தவர்களே, அது தங்களோடு நின்றுவிடக் கூடாது என்று சொன்னார்கள். அதையும் தங்கள் சங்கத்தின் கண்ணுக்கு எதிரே, பயப்படாமல் சொன்னார்கள். பயப்படாமல் சொல்ல முடிந்தது எதனால்? அதே சங்கத்தால்தான். காரணம் இல்லாமல் அவர்களை வேலையிலிருந்து நீக்க முதலாளியால் முடியாது, ஒப்பந்தம் இருக்கிறது. தலைமைக்கு எதிராக நின்றாலும் சங்க அட்டையை யாரும் பிடுங்கப் போவதில்லை. ரூல்வில் பண்ணையில் ஹேமர் அம்மாளின் பின்னால் ஒன்றும் இல்லை. பதியப் போனதற்கே குடிசை போயிற்று. லாஸ் வேகாஸ் பெண்ணின் பின்னால் ஆறு வருஷத்துக்கு மேல் நடந்த மறியல் நின்றது.

இதே ஊரில் 2008-லும் இப்படி ஒன்று நடந்தது. அப்போது சங்கத் தலைமை ஒபாமாவை ஆதரித்தது. விடுதிக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றில் ஹில்லாரி கிளிண்டன் பக்கம்தான் அதிகம் பேர் நின்றார்கள். ஆகவே அந்த ஊர்த் தொழிலாளிக்குத் தலைமையின் சொல்லைக் கேட்டுக்கொண்டு, சொந்த புத்தியோடு நடப்பது புதுசல்ல. நமது சங்க நிர்வாகிகள் - நாங்களும் அதில் சேர்த்தி - இதைக் கேட்டுக் கொஞ்சம் நெளிவது நல்லதுதான்.

அப்புறம் நடந்தது என்ன தெரியுமா? ஒரு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் நடுவில் கொரோனா தொற்று காரணமாக நெவாடாவின் சூதாட்ட விடுதிகள் அத்தனையையும் மூடினார்கள். சங்க உறுப்பினர்களில் நூற்றுக்கு 98 பேருக்கு வேலை இல்லை என்று சங்கமே சொன்னது. வேலையோடு கட்டிய வைத்தியம் வேலையில்லாத நாளில் என்ன ஆகும் என்ற கேள்வி, பிரசங்க மேடையிலிருந்து நேரே அடுப்படிக்கு வந்துவிட்டது. சங்கம் சும்மா இருக்கவில்லை. வைத்திய நிதியை நீட்டித்தது, உணவுப் பொருள் வழங்கியது. ஆனாலும் பிப்ரவரியில் விடுதி மூலைகளில் நின்ற அந்தத் தொழிலாளிகள் எதைக் கண்டு சொன்னார்கள் என்பது எல்லாருக்கும் விளங்கிற்று.

சாண்டர்ஸ் அபேட்சகர் ஆனாரா? ஆகவில்லை. பிப்ரவரி 29-ல் தெற்குக் கரோலினா ராஜ்யத்தில் பைடன் பெரிய வெற்றி பெற்றார். அவருக்கு அங்கே ஓட்டளித்தவர்களில் பெரும்பகுதி கறுப்பின மக்கள், அவர்களிலும் உழைப்பாளிகள் ஏராளம். தொழிலாளி எல்லாரும் ஒரு பக்கம், பணக்காரன் எல்லாரும் மறுபக்கம் என்று நாம் கதை கட்டக் கூடாது. உடனே மற்ற இரு அபேட்சகர்கள் அடுத்தடுத்து விலகிப் பைடனை ஆதரித்தார்கள். மார்ச் 3-ல் ஒரே நாளில் பதினான்கு ராஜ்யங்களில் ஓட்டு. அன்று கதை திரும்பிவிட்டது. ஏப்ரல் 8-ல் சாண்டர்ஸ் விலகினார். அதற்கு முன், 2016-ல் நடந்தது இன்னும் மோசம். ஜனங்கள் ஓட்டுப் போட ஆரம்பிக்கும் முன்பே, கட்சிப் பெரியமனிதர்கள் எழுநூறு பேருக்கு மேல் தாமாகவே மகாநாட்டுப் பிரதிநிதிகளாக இருந்தார்கள். அவர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் கிளிண்டன் அம்மையார் பக்கம் சாய்ந்து நின்றார்கள். ஜனங்களின் ஓட்டிலும் கிளிண்டனுக்குத்தான் கூடுதல் என்பதை மறைக்க வேண்டியதில்லை; ஆனால் தராசின் ஒரு தட்டில் முன்கூட்டியே கல்லை வைத்துவிட்டு நிறுத்தது தவறு. 2018-ல் அந்தப் பெரியமனிதர்களின் கையை ஓரளவு கட்டினார்கள். ஸ்பின்னிங் தோழருக்குப் பாக்கி வைத்த பதில் இதுதான்.

இப்போது அங்கேயும் முறை மாறிவிட்டது. நெவாடா 2021-ல் சட்டம் போட்டு, கூட்டத்தை ஒழித்துப் பெட்டிக்கு வந்தது. ஐயோவா டெமாக்ரடிக் கட்சி 2024-ல் தபால் சீட்டுக்கு மாறியது. இரவு ஷிப்டுக்காரனுக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் இது நல்லதே. ஆனால் சொல்லும் வழக்கம் போய்விடவில்லை. 2025 ஜூனில் நியூயார்க் நகர மேயர் பதவிக்கு டெமாக்ரடிக் கட்சிப் பூர்வாங்கத் தேர்தல் நடந்தது. ஒரே சீட்டில் ஐந்து பேர் வரை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தலாம். மம்தானி, லாண்டர் என்ற இரு அபேட்சகர்கள் தம் பெயருக்கு அடுத்து மற்றவர் பெயரைப் போடும்படி பிரசாரம் செய்தார்கள். "உன் வரிசை என்ன, என் வரிசை என்ன" என்று ரயிலிலும் தெருவிலும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். வாடகை உயர்வை நிறுத்துவேன் என்று பேசிய மம்தானி, பெரும் பணம் பின்னால் நின்ற முன்னாள் கவர்னர் குவோமோவைக் கடைசி எண்ணிக்கையில் நூற்றுக்கு 56 எடுத்துத் தோற்கடித்தார்; நவம்பரில் மேயர் தேர்தலிலும் ஜெயித்தார்.

அதே நியூயார்க்கில் ஒரு பழைய சட்டம் இருக்கிறது. புள்ளி போட்ட சீட்டை இன்னொருவருக்குக் காட்டக் கூடாது. டெலிபோனில் படம் பிடித்துக் காட்டுவதும் குற்றம்தானா என்று சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். 2017-ல் கோர்ட் அந்தச் சட்டம் செல்லும் என்றது. காரணம் சுலபம். வாயால் சொல்வதற்குச் சாட்சி கிடையாது. "உனக்குத்தான் போட்டேன், எசமான்" என்று பண்ணைக்காரனிடம் சொல்லிவிட்டு, மனசுக்குப் பிடித்தவருக்குப் போடலாம். சீட்டையே காட்டலாம் என்று வந்துவிட்டால், "காட்டு" என்பான்; காட்டினால்தான் காசு, காட்டாவிட்டால் கல்தா.

ஆகவே அம்மா, உங்கள் கேள்விக்கு எங்கள் பதில் இது. யாருக்குப் போட்டேன் என்று நீங்களாக விரும்பி, உங்கள் தெருப் பெண்களிடம் சொல்லலாம். சொல்லச் சொல்லத்தான் எத்தனை பேர் ஒரே நினைப்பில் இருக்கிறோம் என்பது தெரியும். ஆனால் சொல்லியே தீர வேண்டும் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நம் நாட்டு 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது: கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் நிற்பவரைக்கூட, யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று வற்புறுத்த முடியாது. விதிவிலக்கு ஒன்று உண்டு, கேட்டால் சிரிப்பீர்கள்: ராஜ்ய சபைத் தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் சீட்டைத் தம் கட்சி ஏஜண்டிடம் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2003-ல் திருத்தம் வந்தது. நடவாள் ஓட்டு விலைபோகாது என்று நம்புகிற சட்டம், எம்.எல்.ஏ. ஓட்டை நம்பவில்லை!

மணி எட்டாகப் போகிறது. இரவு ஷிப்டுக்குப் போக வேண்டிய தோழர்கள் முதலில் கேள்வி கேட்கட்டும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.